வெளிநாட்டு முதலீடு வந்தால் திருகோணமலை உண்மையிலேயே வளருமா?

கேள்வி: கோணேசபுரி மாணவன்

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வளாகத்தில் வணிக முகாமைத்துவம் படிக்கிறேன். வளர்முக நாடுகளின் பொருளாதார வளர்ச்சிக்கு வெளிநாட்டு வர்த்தகமும் முதலீடும் எந்தளவுக்கு உதவுகின்றன என்று இந்த செமஸ்டருக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

பாடக்குறிப்பின்படி விஷயம் சுலபம். மூலதனம் வரும், தொழில்நுட்பம் வரும், வேலை வரும், ஏற்றுமதி கூடும், நாடு வளரும். ஆனால் வீட்டில் இதைக் கதைக்கத் தொடங்கினால் சாப்பாடு ஆறிப்போகும். அப்பா சீனக்குடாப் பக்கம் ஒரு ஆலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அந்தச் சம்பளத்தில்தான் நாங்கள் எல்லோரும் படித்தோம், வீடும் கட்டினோம். மாமா மூதூர் கிழக்குக்காரர். முதலீடு என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போய்விடுவார்.

என் கேள்வி இதுதான். 1977இல் நாட்டின் பொருளாதாரத்தை வெளிநாட்டு வர்த்தகத்துக்குத் திறந்து விட்டார்கள். எங்கள் ஊரில் இயற்கைத் துறைமுகம் இருக்கிறது, மா ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது, எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. இவ்வளவும் இருந்தும் என் வகுப்பில் பாதிப் பேர் ஏன் கட்டாருக்கோ கொழும்புக்கோ போக யோசிக்கிறார்கள்? புத்தகம் பிழையா, அல்லது புத்தகத்தில் ஏதோ ஒன்று விடுபட்டிருக்கிறதா?

பதில்: பொருளியல் சேர்

தம்பி, தலைப்பு பெரியது. ஆனால் உங்கள் கடைசிக் கேள்வியிலேயே கட்டுரை இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

முதலில் சில எண்களைப் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் வியட்நாமின் பொருள் ஏற்றுமதி ஏறக்குறைய 14.5 பில்லியன் டொலர், எங்களுடையது ஏறக்குறைய 5.5 பில்லியன். 2024இல் வியட்நாம் 400 பில்லியனைத் தாண்டிவிட்டது. நாங்கள் 13 பில்லியனைக்கூட எட்டவில்லை. அவர்கள் பெரிய நாடு என்று சமாதானம் சொல்ல முடியாது, 2000இலும் அவர்கள் பெரிய நாடுதான். இத்தனைக்கும் டொய் மொய் என்ற அவர்களின் பொருளாதாரச் சீர்திருத்தம் 1986இல்தான் தொடங்கியது. நாங்கள் அதற்கு 9 வருடம் முந்தியே திறந்து, 1978இல் கட்டுநாயக்கவில் சுதந்திர வர்த்தக வலயமும் அமைத்துவிட்டோம்.

போர் ஒரு பெரிய காரணம், அதை மறுக்க முடியாது. ஆனால் போர் முடிந்த பிறகு நடந்ததையும் பாருங்கள். 2000இல் பொருட்கள், சேவைகள் இரண்டின் ஏற்றுமதியும் சேர்ந்து மொத்த உள்நாட்டு உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருந்தது. 2010 அளவில் அது ஐந்தில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது, போர் முடிந்த பிறகும் பழைய இடத்துக்கு ஏறவில்லை. 2009க்குப் பிறகு வந்த வளர்ச்சியில் பெரும் பகுதி வீதி, கட்டடம், ஹோட்டல் என்று உள்நாட்டுச் செலவில் வந்தது. அதற்கான டொலரில் நிறைய, 2007இல் தொடங்கிய சர்வதேசக் கடன்பத்திரங்களின் வழியாக வந்த கடன். நெடுஞ்சாலை நல்லதுதான், ஆனால் அதில் போகிற பஸ் டொலர் உழைக்காது. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தோம். அந்த வருடம் பொருளாதாரம் 7 வீதத்துக்கு மேல் சுருங்கியது. முதலீடாக வரும் டொலரும் கடனாக வரும் டொலரும் வேறு வேறு என்பதைக் கட்டுரையில் கட்டாயம் பிரித்துக் காட்டுங்கள். முதலீட்டில் நட்டம் வந்தால் போட்டவரும் சேர்ந்து சுமப்பார். கடனில் நாங்கள் மட்டும்தான்.

ஆய்வுகள் என்று பார்த்தால் மூன்று போதும். 69 வளர்முக நாடுகளை வைத்து 1998இல் வந்த ஒரு ஆய்வு, வெளிநாட்டு நேரடி முதலீடு உள்நாட்டு முதலீட்டை விட நல்ல பலன் தந்தது மக்களின் கல்வி ஒரு மட்டத்துக்கு மேல் இருந்த இடங்களில் மட்டும்தான் என்று கண்டது. வெனிசுவேலாவின் ஆலைகளைப் பார்த்து 1999இல் வந்த ஆய்வு இன்னும் கடுமையானது. வெளிநாட்டுப் பங்கு உள்ள ஆலைகள் சில முன்னேறின, ஆனால் அதே துறையில் இருந்த உள்ளூர் ஆலைகள் பின்வாங்கின. வாடிக்கையாளரை இழந்தால் அப்படித்தான் ஆகும். லித்துவேனியாவைப் பற்றி 2004இல் வந்த ஆய்வு வேறு இடத்தைப் பார்த்தது. வெளிநாட்டு ஆலைகளுக்குச் சாமான் கொடுக்கிற உள்ளூர்க்காரர்களின் திறன் கூடியிருந்தது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், போட்டிக்காரர் இழக்கிறார், சாமான் கொடுப்பவர் பெறுகிறார், கல்வி போதாத இடத்தில் நல்ல பலன் வருவதில்லை.

ஒரு எச்சரிக்கை. வளர்கிற நாட்டைத் தேடித்தான் முதலீடு போகும். ஆகவே இரண்டும் சேர்ந்து கூடுவதை வைத்து, முதலீட்டால்தான் வளர்ச்சி வந்தது என்று எழுதிவிடாதீர்கள்.

ஊரில் ஆலைகளுக்குச் சாமான் கொடுப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால் சொல்லுங்கள். புத்தகத்தை விட அது நல்ல சான்று.

பதில்: சம்பூர்

மாணவனின் மாமாவை எனக்குத் தெரியாது, ஆனால் அவர் ஏன் எழும்பிப் போகிறார் என்று தெரியும்.

2006இல் போரில் வெளிக்கிட்டோம். கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைப்பறிச்சான், மணற்சேனை என்று சனம் முகாம்களில் சிதறியது. நாங்கள் தகரக் கொட்டிலுக்குள் இருந்த காலத்தில் எங்கள் ஊர் கடதாசியில் முதலீட்டு வலயமாக மாறியது. ஒரு பக்கம் 818 ஏக்கர் கைத்தொழிலுக்கு, இன்னொரு பக்கம் இந்தியாவின் அரச மின் கம்பனியான என்.டி.பி.சி.யும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து போடவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி மின் நிலையத்துக்கு. 2015இல் அந்த 818 ஏக்கரும் விடுவிக்கப்பட்டது, 2016இல் நிலக்கரித் திட்டம் கைவிடப்பட்டது. இத்தனை வருடத்தில் வந்த முதலீடு என்ன? ஒன்றுமில்லை. போனது என்ன? வயல், மாடு, கரைவலை, குளம். எருமைத் தயிர் சட்டி சட்டியாகச் சந்தைக்குப் போன ஊர் அது.

இப்போது அதே சம்பூரில் சூரிய மின்சாரம், மொத்தம் 120 மெகாவாட். 2025 ஏப்ரலில் தொடக்க விழா நடந்தது. சூரிய ஒளிக்கு நான் எதிரி இல்லை, புகையை விட அது எவ்வளவோ மேல். ஆனால் நிலத்தைக் கொடுக்கிற ஊருக்கு வருடா வருடம் குத்தகையில் ஒரு பங்கு வருமா என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. முதலீட்டைக் கணக்கிடுகிறவர்கள், அது வருவதற்கு முதல் அந்த இடத்தில் என்ன இருந்தது என்பதையும் எழுதட்டும். அந்தக் கழித்தலைச் செய்யாமல் கூட்டலை மட்டும் காட்டக்கூடாது.

பதில்: பட்டறைக்காரி

சேர் கேட்ட ஆள் நான்தான். உப்புவெளியில் அப்பா தொடங்கிய லேத் பட்டறையை இப்போது நானும் தம்பியும் நடத்துகிறோம். மெஷின் அவன் பொறுப்பு. கொட்டேசன், கணக்கு, வங்கி, கொழும்புச் சாமான் எல்லாம் என் பொறுப்பு. ஆலைகளுக்கு வேலை செய்து கொடுக்கிறோம், அரிசி ஆலைகளுக்கும் படகுகளுக்கும் செய்கிறோம். ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன்.

சம்பூர் அண்ணா சொன்னதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. அந்தக் கழித்தல் கட்டாயம் வேண்டும். நான் சொல்லப் போவது, கூட்டல் எப்போது உண்மையாகிறது என்பதை.

கன்வேயர் பெல்ட் பார்த்திருப்பீர்கள். அதைத் தாங்குகிற ரோலர் பார்க்க லேசான சாமான். வெளியே ஒரு குழாய், உள்ளே ஒரு தண்டு, இரண்டு முனையிலும் பெயரிங். ஆனால் குழாயும் தண்டும் ஒரே மையத்தில் சுற்ற வேண்டும். மயிரளவு தப்பினாலும் பெல்ட் ஒரு பக்கம் இழுக்கும், பெயரிங் சீக்கிரம் போய்விடும், பிறகு முழு லைனையும் நிறுத்த வேண்டும். இங்கே ஒரு ஆலைக்கு இந்த ரோலர்கள் வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்தன. நாங்கள் விலை கொடுத்தோம், வெளிநாட்டு விலையை விடக் குறைவாகத்தான். கொள்வனவுப் பிரிவிலிருந்து வந்த பதில், இரும்பின் தரச் சான்றிதழ் எங்கே, அளந்து பார்த்த அறிக்கை எங்கே என்பதுதான். கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளில் தண்டு வாங்கினால் பில் தருவார்கள். சான்றிதழ் யார் தருவார்?

அந்த இடத்திலேயே கதை முடிந்திருக்கும். பெரும்பாலான ஊர்களில் முடிந்தும்விடுகிறது. ஆனால் அந்த நேரம் ஆலைக்கு வந்திருந்த வெளிநாட்டு என்ஜினியர் ஒருவர், தானாகவே பட்டறைக்கு வந்தார். காந்த அடி வைத்த ஸ்டாண்டை லேத் படுக்கையில் ஒட்டி, டயல் கேஜின் நுனியை ரோலரின் மேல் வைத்து, ரோலரைப் பிடித்திருக்கும் லேத்தின் சக்கரப் பிடியை (சக்) கையால் மெதுவாகச் சுற்றச் சொன்னார். முள் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடியது. அதிகம் ஆடிய இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டார். நடுவில் ஒருமுறை, இரண்டு முனையிலும் ஒவ்வொருமுறை. மூன்று வாசிப்பையும் ஒரு தாளில் எழுதி, இப்படி ஒவ்வொரு ரோலருக்கும் எழுதித் தாருங்கள், நான் எடுக்கிறேன் என்றார். தம்பி அந்தக் கிழமையே கொழும்பில் ஒரு டயல் கேஜ் வாங்கினான். சான்றிதழோடு வரும் இரும்பை எங்கே வாங்குவது என்று நான் தேடிப் பிடித்தேன். ஓடர் கிடைத்தது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த டயல் கேஜ் ஆலையின் ரோலரை மட்டும் அளக்கவில்லை. தம்பலகாமத்திலிருந்தும் கந்தளாயிலிருந்தும் அரிசி ஆலைத் தண்டுகள் எங்களிடம் வரும். முன்பெல்லாம் கடைந்து கொடுத்தால் சரி. இப்போது அவற்றையும் அதே முறையில் அளந்துதான் அனுப்புகிறோம். பெயரிங் முன்பை விடக் கூட நாள் நிற்கிறது என்று ஆலைக்காரர்களே சொல்கிறார்கள். படகுகளின் புரொப்பெல்லர் தண்டுக்கும் அதே கதைதான். எங்களிடம் வேலை பழகிய ஒரு பெடியன் கிண்ணியாவில் சொந்தமாக லேத் போட்டுவிட்டான். அவனும் அளந்துதான் கொடுக்கிறான், அந்தத் தாளை அவனுக்கும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். அந்த என்ஜினியருக்கு இது எதுவும் தெரியாது. முதலீட்டுச் சபையின் எந்த அறிக்கையிலும் இது வராது. ஆனால் வளர்ச்சி என்று நான் சொல்வது இதைத்தான். ஆலையின் கேற்றுக்கு வெளியே உள்ள ஆட்களின் கைக்கு வேலையும் வித்தையும் வந்து சேர்வது.

பங்களாதேஷின் ஆடைத் தொழில் இப்படித்தான் தொடங்கியது. 1970களின் கடைசியில் தேஷ் கார்மென்ட்ஸ் என்ற கம்பனி கொரியாவின் டேவூவுடன் ஒப்பந்தம் செய்து, சுமார் 130 பேரைப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியது. தையல் மட்டும் பழகவில்லை, ஓடர் எடுப்பது, தரம் பார்ப்பது, கப்பலில் ஏற்றுவது எல்லாம் பழகினார்கள். திரும்பி வந்தவர்களில் பெரும்பாலானோர் சில வருடங்களில் தேஷை விட்டு விலகி வேறு ஆலைகளுக்குப் போனார்கள், சொந்தமாகவும் ஆலை போட்டார்கள். டேவூ கொண்டு வந்த பணம் பெரிய தொகையே இல்லை. அந்த ஆட்கள்தான் முதலீடு. எங்கள் நாட்டிலும் எம்.ஏ.எஸ். போன்ற ஆடைக் கம்பனிகள் வெளிநாட்டு வாங்குநர்களோடு கூட்டுச் சேர்ந்து பழகி, பிறகு தாங்களே வெளிநாட்டில் ஆலை போடும் அளவுக்கு வளர்ந்தன. 2005 தொடக்கத்தில் உலக ஆடை வர்த்தகத்தில், எந்த நாடு எவ்வளவு ஏற்றலாம் என்று வரம்பு போட்ட கோட்டா முறை முடிந்தபோது எங்கள் ஆடைத் தொழில் செத்துப் போகும் என்றார்கள். சாகவில்லை, ஏனென்றால் வித்தை உள்ளூர்க்காரர் கையில் இருந்தது.

இனி எங்கள் ஊர் ஆலைகள். மா ஆலைக்கு 1977இல் சிங்கப்பூர்க் கம்பனியோடு ஒப்பந்தம், 1980இல் ஓடத் தொடங்கியது. சீமெந்து ஆலை 80களில் ஜப்பான் கூட்டோடு வந்தது. இரண்டும் எங்கள் துறைமுகத்தை நம்பி வந்தவை, இரண்டும் நூற்றுக்கணக்கான குடும்பங்களைத் தூக்கிவிட்டவை, மாணவனின் அப்பா சொல்வது சரி. ஆனால் பாருங்கள், கோதுமை கப்பலில் வருகிறது, சீமெந்துக்கு அரைக்கிற கிளிங்கர் கப்பலில் வருகிறது, அரைத்தோ அரைத்துக் கலந்தோ பெரும்பாலும் நாட்டுக்குள்ளேயே விற்கப்படுகிறது. உழைப்பது பெரும்பாலும் ரூபாய், தேவைப்படுவது டொலர். 2022இல் டொலர் இல்லாமல் போனதும் மாவுக்கும் சீமெந்துக்கும் என்ன நடந்தது என்று பேக்கரிக்காரரையும் மேசனையும் கேட்டால் சொல்வார்கள். வியட்நாமுக்குப் போன முதலீடு வேறு வகை. அங்கே சாம்சுங் போன் செய்து உலகத்துக்கு விற்கிறது. வியட்நாமின் ஏற்றுமதியில் ஏறக்குறைய 70 வீதம் வெளிநாட்டுக் கம்பனிகள் செய்வது. அங்கும் உள்ளூர் சப்ளையர் குறைவு என்ற குறை உண்டு, ஆனாலும் டொலர் உழைக்கிறது.

சீமெந்து ஆலை செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். தனக்கு மின்சாரம் எடுக்க 10 மெகாவாட் உயிர்த்திரள் மின் நிலையம் ஒன்றை இங்கேயே போட்டது. அதற்குக் கிளிரிசீடியா என்கிற சீமைக்கிளுவைத் தடியைக் கிராமத்துச் சனத்திடம் காசு கொடுத்து வாங்குகிறார்கள். வேலி ஓரத்தில் சும்மா நின்ற மரம். எரிபொருளுக்கான காசு கடல் தாண்டிப் போகாமல் கிராமத்துக்குள் போகிறது. பட்டறையின் ரோலரும் இந்தத் தடியும் எனக்கு ஒரே கணக்கில்தான் வருகின்றன.

அப்புறம், எங்களைப் போன்ற பட்டறை ஏன் நூறு இல்லை என்று கேட்டால், பதில் வெளிநாட்டுக்காரரிடம் இல்லை. எங்களிடமே இருக்கிறது. நான் ரோலர் செய்ய இரும்பு வாங்கினால் அதன் விலைக்குள் இறக்குமதி வரி, செஸ், துறைமுக வரி எல்லாம் இருக்கும். முதலீட்டுச் சபையோடு சலுகை ஒப்பந்தம் உள்ள ஏற்றுமதி ஆலை அதே ரோலரைச் செய்த நிலையிலேயே வரியில்லாமல் இறக்கலாம். இரும்புக்கு வரி, இரும்பில் செய்த சாமானுக்கு வரி இல்லை. இந்தக் கணக்கில் எந்தப் பட்டறை நிமிரும்? அடுத்தது காசு. எங்களுக்கு வேலை தந்த ஒரு கம்பனி மூன்று மாதக் கடனில்தான் எடுக்கும், அந்த மூன்று மாதமும் ஐந்து மாதமாக இழுபடும். 2022 கடைசியில் வங்கி வட்டி 25 வீதத்தைத் தாண்டி நின்றது. அந்த வட்டியில் கடன் எடுத்து, பெரிய கம்பனிக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது நாங்கள். சிறிய சப்ளையருக்கு இத்தனை நாளுக்குள் காசு கட்டவேண்டும் என்று ஒரு சட்டம் போடுவதற்கு உலக வங்கியைக் கேட்கத் தேவையில்லை.

பதில்: கொட்பேக் கரை

வர்த்தகம் பக்கம் ஒன்று சொல்கிறேன், சின்னதுதான்.

2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் மீனை நிறுத்தியது. சட்டவிரோத மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை, படகு எங்கே நிற்கிறது என்று கண்காணிக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் சூரை இறக்குகிற பலநாள் படகுக்காரருக்கு விலை விழுந்தது. பிறகு ஆழ்கடல் படகுகளுக்குச் செய்மதிக் கருவி பூட்டினார்கள், பதிவேடு வைக்கச் சொன்னார்கள், 2016இல் தடை நீங்கியது. அந்த நேரம் திட்டினோம். ஆனால் இன்று படகு கடலில் பழுதாகி நின்றால் எங்கே நிற்கிறது என்று கரையில் இருப்பவருக்குத் தெரிகிறது. வெளிச் சந்தை எங்களை ஒழுங்குக்குக் கொண்டுவந்தது.

அதேநேரம் பட்டறைத் தங்கச்சி தரத்தைப் பற்றிச் சொன்ன மாதிரி, மீனிலும் ஐஸ் நல்லதாக இருக்கிற படகுக்கும் ஐஸ் கரைந்த படகுக்கும் ஏற்றுமதி விலையில் பெரிய வித்தியாசம். அந்த வித்தியாசத்தைப் பிடிக்கக் காசு உள்ளவன் பிடித்தான். சின்னப் படகுக்காரனுக்கு வெளிச் சந்தை இருக்கிறதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான்.

கேள்வி கேட்டவர்: கோணேசபுரி மாணவன்

எல்லோருக்கும் நன்றி. பட்டறை அக்கா, இரண்டு விஷயம் கேட்க வேண்டும். புல்மோட்டைக் கடற்கரை மணலில் உள்ள இல்மனைட் என்ற கனிமத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? இந்தோனேசியா நிக்கல் தாதுவை அப்படியே ஏற்றுமதி செய்வதைத் தடுத்த மாதிரி நாங்களும் தடுத்தால் என்ன? மற்றது, எண்ணெய்த் தாங்கிகள். அது வளர்ச்சியா, வெறும் குத்தகையா? அப்பாவும் மாமாவும் இன்றைக்கும் அதில்தான் நிற்கிறார்கள்.

பதில்: பட்டறைக்காரி

தம்பி, நல்ல கேள்விகள்.

புல்மோட்டை எனக்கு நெஞ்சை அறுக்கிற விஷயம். 1957இல் அரசு கூட்டுத்தாபனம் தொடங்கிய காலத்திலிருந்து இன்றுவரை பெரும்பாலும் மணலைப் பிரித்து மணலாகவே விற்கிறோம். அந்த இல்மனைட்டில் பாதியளவு டைட்டேனியம் டயொக்சைட். வெள்ளைப் பெயின்டை வெள்ளையாக்குகிற பொருள் அதுதான். கடலோரத்தில் டொன் கணக்கில் அள்ளி விற்றுவிட்டு, அதே பொருளை வெளிநாட்டிலிருந்து வாங்கித்தான் பெயின்ட் கலக்கிறோம்.

ஆனால் தடை போட்டால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தோனேசியா முதலில் 2014இலும் பிறகு 2020 ஜனவரியிலும் தடை போட்டதும் சீனக் கம்பனிகள் உருக்காலைகளை அங்கேயே கொண்டுவந்தன, ஏற்றுமதிப் பெறுமதி பல மடங்கானது, உண்மை. ஆனால் உலகிலேயே பெரிய நிக்கல் இருப்பு அவர்களிடம், வாங்குபவருக்கு ஓடுவதற்கு வேறு இடம் குறைவு. இல்மனைட் அப்படியில்லை. அவுஸ்திரேலியா, தென்னாபிரிக்கா, மொசாம்பிக், இந்தியா என்று பல இடத்தில் இருக்கிறது. நாங்கள் கதவைப் பூட்டினால் அவர்கள் அடுத்த கடைக்குப் போவார்கள். அதோடு, இல்மனைட்டை உருக்குவதற்கு மின்சாரம் கொள்ளை கொள்ளையாக வேண்டும். கந்தக அமிலத்தால் செய்தால் அமிலக் கழிவு மிஞ்சும், அது புல்மோட்டைக் கடலுக்குள் போனால் கொக்கிளாய்க் கரை வரை மீனவர் சாப்பாடு போச்சு. இந்தோனேசியாவிலும் நிலக்கரிப் புகையையும் சேறான கடலையும் பக்கத்துச் சனம்தான் சுமக்கிறது.

நான் கேட்பது இடையில் ஒரு படி. மணலை இன்னும் சுத்தமாகப் பிரித்து, அதிலுள்ள ரூட்டைல், சேர்க்கோன் என்ற மற்றக் கனிமங்களையும் தரம் தரமாக விற்பது. விற்பனை ஒப்பந்தம் நீண்ட காலத்துக்குப் போடும்போது, பராமரிப்பு வேலையும் உதிரிப்பாகமும் மாவட்டத்துக்குள்ளே இத்தனை பங்கு என்று எழுதுவது. குச்சவெளியில் இரண்டு பட்டறை எழும்பினால் எனக்குப் போட்டிதான், பரவாயில்லை.

தாங்கிகள். பிரித்தானியர் கட்டிவிட்டுப் போனவை, மொத்தம் 99. 2022 ஜனவரியில் போட்ட ஒப்பந்தத்தின்படி 14 இந்தியன் ஓயிலின் இலங்கைக் கிளையான லங்கா ஐ.ஓ.சி.யிடம், 24 எங்கள் அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். அந்தக் கம்பனியில் 51 வீதம் கூட்டுத்தாபனத்துக்கு. 2025 ஏப்ரலில் இந்தியாவும் ஐக்கிய அரபு அமீரகமும் இலங்கையும் சேர்ந்து இங்கே எரிசக்தி மையம் அமைப்பதாகக் கையெழுத்து வைத்தன. உங்கள் அப்பாவும் மாமாவும் தாங்கி யாருக்கு என்று சண்டை பிடிக்கிறார்கள். அது பெரிய கேள்விதான். நான் பார்க்கிறது வேறு ஒன்றை.

பல வருடம் துருப்பிடித்த தாங்கியைத் திருப்பி எடுப்பதென்றால் தகடு மாற்ற வேண்டும், குழாய் போட வேண்டும், வால்வு மாற்ற வேண்டும். எரிபொருள் குழாய் ஒட்டச் சாதாரண வெல்டரை விட மாட்டார்கள். சிக்ஸ் ஜி என்று ஒரு சோதனை இருக்கிறது. குழாயை 45 பாகை சரித்து அசையாமல் பூட்டி வைப்பார்கள். குழாயைத் திருப்பக்கூடாது, நீங்கள்தான் சுற்றிவர வேண்டும், கீழிருந்து, பக்கத்திலிருந்து, மேலிருந்து. பிறகு ஒட்டிய இடத்தை வெட்டி வளைத்தோ எக்ஸ்ரே பிடித்தோ பார்ப்பார்கள். அதில் தேறிய தாள் கையில் உள்ள பெடியனுக்குக் கட்டாரில் உடனே வேலை. உங்கள் வகுப்பில் பாதிப் பேர் ஏன் போக யோசிக்கிறார்கள் என்று கேட்டீர்கள். வித்தை தெரிந்தவனுக்கு இங்கே அந்த விலை கிடைப்பதில்லை. வித்தை பழக இங்கே இடமும் போதவில்லை. எரிசக்தி மையம் வந்து, வெல்டர்கள் வெளியிலிருந்து வந்து ஒட்டிவிட்டுப் போனால், எங்களுக்கு மிஞ்சுவது கேற்றில் நிற்கிற காவலாளி வேலை. சேர் சொன்ன கல்வி மட்டம் பள்ளிக்கூடத்தோடு முடிகிறதில்லை.

கட்டுரைக்கு ஒரு வேலை சொல்கிறேன். இங்கேயுள்ள தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் வெல்டிங்குக்கு வருடத்துக்கு எத்தனை இடம், அதில் குழாய் ஒட்டுகிற மட்டத்துக்குப் போகிறவர் எத்தனை பேர் என்று நேரே போய்க் கேளுங்கள். அந்த எண்ணை முதலீட்டு அறிவிப்புகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். எங்கள் பட்டறையில் நிற்கிற இரண்டு பெடியன்களை அடுத்த முறை அந்தச் சோதனைக்கு அனுப்புகிறோம், கட்டணம் பட்டறை கட்டும். குழாய்த் துண்டுகளுக்கு என் தம்பி இப்போதே ஸ்டாண்ட் செய்துவிட்டான், 45 பாகையில். உங்கள் வளாகத்தில் படிக்கிற யாருக்காவது தம்பி, மச்சான் யாராவது வெல்டிங் பழக விருப்பம் என்றால் இங்கேயே எழுதுங்கள், பழகுவதற்கு இடம் இருக்கிறது.